அண்ணாவின் எழுத்து பொறித்த துவக்குப் பிடி

இந்த நினைவஞ்சலியில் நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணியார் கேட்டுக்கொண்டார். எங்கள் அண்ணா சிவபதமடைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் நானும் அப்படியே எழுத விரும்பினேன். முடியவில்லை. உறவினர்கள் பொறுத்தருள்க.

சுன்னாகத்தில் மூத்த மகனாகப் பிறந்த அண்ணா, ஐயா காலமானபின் மரவேலை செய்து அம்மாவையும் தங்கையான என்னையும் காப்பாற்றினார். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணுக்கு வந்தார். ஆங்கிலேய முறையில் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்குகளைக் கையால் செய்யும் சிறு பட்டறையொன்றில் வேலை கிடைத்தது.

ஒரு துவக்கை ஒருவரே செய்வதில்லை. ஒருவர் குழல் செய்வார். இன்னொருவர் சுடும் பொறியை அரத்தால் அராவிப் பொருத்துவார். மூன்றாமவர் இரும்பில் பூவும் பறவையும் செதுக்குவார். மரப்பிடி அண்ணாவுடையது. இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் மெல்லச் சீவுவார். எங்கும் ஒரே சீராக ஒட்டும்வரை விடமாட்டார். முடிவில் ஒவ்வொருவரும் தம் பகுதியின் உட்புறத்தில் தம் பெயரெழுத்தைப் பொறிக்க வேண்டும். குறை வந்தால் எழுத்துக்கு உரியவர் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மா, வேலை நிரந்தரமாயிட்டுது. உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடப் போறன்" என்று அண்ணா தொலைபேசியில் சொன்னார். அம்மா மகிழ்ச்சியில் அம்மி முதல் குசினிச் சாமான்களையெல்லாம் அயலாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் விற்ற துவக்கு ஒன்று திரும்பி வந்தது. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி. மரத்தில் இருந்தது அண்ணாவின் எழுத்து.

"நான் பொருத்தேக்க இடைவெளியே இல்லை, இவையளைக் கேளுங்கோ எண்டு முதலாளியிட்டைச் சொன்னனான். மூண்டு பேரும் குனிஞ்ச தலை நிமிரேல்லை" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

வேலை போயிற்று. அதோடு எங்களை அழைக்கும் வழியும் அடைபட்டது. கொடுத்த அம்மியையே இரவல் வாங்கி அரைத்த அம்மா, அடுத்த ஆண்டு கண்ணை மூடினார். கொள்ளி வைக்க மூத்த மகனால் வர முடியவில்லை.

பிறகு அண்ணா மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் உழைத்து, என்னைச் சிட்னிக்கு அழைத்து வாழவைத்தார். யாரையும் குறை சொன்னதில்லை. அந்தக் குணம் எனக்கு வாய்க்கவில்லை.

அண்ணா நோயுற்றிருந்தபோது, பொறி செய்த அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிடி பொருத்தியபின் பொறி இறுகியதாம். முதலாளிக்குத் தெரியாமல் இரும்பை மீண்டும் அராவினாராம். அதனால்தான் மரத்தோடு இடைவெளி விழுந்ததாம். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களாம். அண்ணாவின் கையைப் பிடித்து அழுதார். இத்தனை காலமும் அந்தக் கண்ணீர் எங்கே போயிருந்ததோ!

"விடு பிள்ளை, மனுசன் கிழண்டு போச்சுது" என்றார் அண்ணா, என்னைப் பார்த்து.

நோயில் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், சோறு சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அந்த மனிதரின் பெயரையும் இங்கே சேர்க்கச் சொல்லி அண்ணியார் கேட்டார்.

"அவர் வந்து உண்மையைச் சொன்னவரெல்லோ, பாவம்."

சொன்னார்தான், அண்ணி. அதைக் கேட்க அம்மா இருக்கவில்லை. அந்த மனிதருக்கு என் நன்றி இல்லை.