பீப்பாய்க் குதிரை

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும்; ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று கண்டி மஹய்யாவக் கடையொன்றில் நனைந்த சாக்கின் மணம் வந்ததும், அம்பிட்டியவில் இருந்த குதிரை லாயம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே வீடுகள். பந்தயக் குதிரை ஓட்டப் பழகிய நான்கு சிறுவர்களில் நானும் ஒருவன். சாக்குப் போர்த்திய தார்ப் பீப்பாய்தான் எங்கள் முதல் குதிரை; தூணில் கட்டிய கடிவாளத்தைப் பிடித்து, பீப்பாயின் இருபுறமும் தொங்கும் மிதிவளையத்தில் கால் வைத்து, முழங்காலை மடக்கித் தொடை நடுங்கும்வரை எழுந்து நிற்க வேண்டும். அதில் தேறினால்தான் நிஜக் குதிரை. நிறை கூடாமலிருக்க நான் அரைவயிறுதான் சாப்பிட்டேன். நிறை ஏறவில்லை, கால்கள்தான் நீண்டுகொண்டே போயின.

"டேய் கொக்கு, ஒன் காலு தரையத் தொடுதேடா! குதிரையையும் தூக்கிக்கிட்டு நீயே ஓடிருவ போல!" என்றார் எங்களைப் பழக்கிய மாரிமுத்தண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சித்திரையில் மாரிமுத்தண்ணனும் மற்ற மூன்று பையன்களும் குதிரைகளோடு லொறியில் நுவரெலியாப் பந்தயத்துக்குப் போனார்கள். லாயத்தைக் கூட்டச் சொல்லி என்னை விட்டுவிட்டார்கள். கூட்டி முடித்துப் பீப்பாயில் ஏறினேன். முழங்காலை மடக்கி, தொடை நடுங்க நடுங்க நின்றேன். அன்று என் கால் ஒருமுறைகூடத் தரையில் படவில்லை. பார்க்கத்தான் யாரும் இல்லை.

2006 ஏப்ரல் 15