பெயர் அச்சிடாத அட்டைகள்

பாஸாம் கடற்கரையில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்தேழு வருடம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டவள் அஃபிபா. ஹோட்டலை மூடிய அன்று சாமான்களை ஏலம் எடுத்தவர்கள் கட்டில், கண்ணாடி, கதவு என்று கழற்றிக்கொண்டு போனார்கள். வரவேற்பறை அலமாரியில் இரண்டு பெட்டி நிறைய பழைய பட அஞ்சலட்டைகள் இருந்தன. அவற்றைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தப் போனார்கள். அஃபிபா ஒரு பெட்டியைத் தலையிலும் இன்னொன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டாள்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. ஊரில் என்னைக் கூப்பிடுவதே ‘ஜெராக்ஸ்’ என்றுதான்.

“ஏ ஜெராக்ஸ், இதையெல்லாம் என் போன்ல ஏத்திக் குடு.”

“எத்தனைக்கா இருக்கு?”

“எண்ணி எனக்கென்ன ஆகப்போகுது? கரையான் அரிக்கிறதுக்குள்ள ஏத்து.”

எண்ணியது நான்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு. பழைய தபால் ஆபீஸ், கடற்கரைக் கூரைக் குடில்கள், காயலில் தோணிகள், அலையில் நனையும் வெள்ளைக்காரக் குடும்பங்கள். பெரும்பாலும் அறுபது, எழுபதுகளில் எடுத்தவை. பேஸ்புக்கில் ‘நேத்து இருந்த பாஸாம்’ என்று அவளே ஒரு குழு ஆரம்பித்தாள். காலையில் காப்பி குடித்ததும் ஒரு அட்டை போடுவாள். முதல் வாரம் நான்கு பேர் பார்த்தார்கள், அதில் ஒருவன் நான். மூன்றாம் மாதம் நாலாயிரம் பேர். மாண்ட்ரியாலில் டாக்சி ஓட்டும் பாஸாம்காரனும் லியோனில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணும் ஒரு தென்னை மரத்துக்காக இரண்டு நாள் சண்டை போட்டார்கள்.

“அது எங்க மாமா கடைக்கு முன்னாடி நின்ன மரம்!”

“உங்க மாமாவுக்குக் கடையே கிடையாது. எங்க வீட்டுத் தின்பண்டத்தை வாங்கித் தெருவுல வித்தாரு.”

அஃபிபா அதைப் படித்துவிட்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். ஹோட்டல் மூடிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை போட்ட அட்டைதான் வம்பில் மாட்டிவிட்டது. கடலிலிருந்து ஒரு இளம்பெண் ஏறி வருகிறாள். சேலைபோல் சுற்றிய துணி உடம்போடு ஒட்டியிருக்கிறது. வாய் நிறையச் சிரிப்பு. பின்பக்கம் ‘பாஸாம் – குளித்துக் களிக்கும் பெண்’ என்று அச்சடித்திருந்தது. மதியத்துக்குள் ஆம்பிளைகள் சிலர் கீழே அசிங்கமாக எழுத ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பிலே என்பவரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘இது என் அம்மா. உடனே எடுங்கள்.’

பிலேயை எங்களுக்குத் தெரியும். பக்கத்து மீனவக் கிராமமான அஸுரெட்டியில் சர்ச் பாடற்குழுவை நடத்துகிறவர். அஃபிபா அட்டையை எடுத்தாள், குழுவையும் மூடினாள்.

“அடுத்தவ அழுக்கைத் துவைச்சுத் துவைச்சே பழகினவ நான். இன்னிக்கு நானே ஒருத்தி மேல அழுக்கைப் பூசிட்டேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கக் கிளம்பினாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்ற பிலே எங்களை உள்ளே விடுவதாக இல்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருடா அது? போட்டோக்காரியா? உள்ள விடு.”

அவர்தான் பிலேயின் அம்மா யாபா. எழுபத்தாறு வயது. மடியில் மீன் வலையோடு உட்கார்ந்திருந்தார். அஃபிபா முழங்காலிட்டு அட்டையை நீட்டினாள்.

“தெரியாமப் போட்டுட்டேம்மா. எடுத்துட்டேன். இதை நீங்களே வச்சுக்கங்க.”

யாபா அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பின்பக்கத்து எழுத்தை மகனைப் படிக்கச் சொன்னார். பிலே தலை குனிந்து படித்தார்.

“குளிச்சுக் களிக்கிறேனா? எந்த மடையன் எழுதினான் இதை?” என்று அந்தம்மா கத்திய கத்தலில் வாசல் கோழி பறந்தது. “அன்னிக்கு அலை உடையுற எடத்துல தோணி கவுந்துபோச்சு. எங்க அண்ணன் உள்ள. அவன்கூட அன்னிக்குத்தான் வேலைக்கு வந்த கஸின்னு ஒரு வெளியூர்ப் பையன். கரையில நின்ன அத்தனை பேரும் கத்தினாங்களே தவிர ஒருத்தனும் எறங்கல. நான் எறங்கினேன். ஒருத்தனைத் தலைமுடியைப் பிடிச்சு இழுத்தேன், இன்னொருத்தனைச் சட்டையைப் பிடிச்சு. ரெண்டு பேரும் தண்ணியக் கக்கி மூச்சு விட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. அந்த நேரம் பாத்து எவனோ படம் பிடிச்சிருக்கான்.”

பிலே அட்டையைத் திருப்பி மறுபடி பார்த்தார். “எங்ககிட்ட நீ சொன்னதே இல்லையேம்மா.”

“நீ கேட்டதே இல்லையே.”

“துணி இப்படி ஒட்டி...”

“நனஞ்சா ஒட்டாதா? முங்கிக்கிட்டு இருக்கறவனைத் தூக்கப் போறப்ப கவுன் மாத்திக்கிட்டா போவாங்க?” அந்தம்மா அஃபிபா பக்கம் திரும்பினார். “எழுந்திருடி. படத்தை மறுபடி போடு. ஆனா அதுக்குக் கீழ என் பேரைப் போடு. இத்தனை வருஷமா ஊர் பேர் தெரியாதவன் வீட்டுச் செவுத்துலயெல்லாம் பேரில்லாமத் தொங்கிருக்கேன்.”

அன்று மாலையே அஃபிபா குழுவை மறுபடி திறந்தாள். யாபா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதி, படத்துக்குக் கீழே அவர் பெயரைப் போட்டாள். பிலேயே முதல் ஆளாகக் கீழே எழுதினார்: ‘என் அம்மா.’ அதற்குப் பிறகு ஒருவரும் அசிங்கமாக எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் அஸினியிலிருந்து ஒரு பெண் எழுதினாள். கஸியின் கடைசி மகள் அவள். அப்பா போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. பாஸாமில் ஒரு பெண் தன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அவள் பெயர்தான் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அவளும் அவள் அண்ணன்மார் மூன்று பேரும் ஒரு வேன் பிடித்து, மரவள்ளிக்கிழங்கில் செய்த அத்தியேகே ஒரு கூடையும் வறுத்த மீனுமாக அஸுரெட்டிக்கு வந்து இறங்கினார்கள். யாபா அவர்களை வரிசையாக நிற்கவைத்து முகம் முகமாகப் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் கஸியோட அதே காது” என்றவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அஃபிபா பெயர் தெரியாமல் அட்டை போடுவதில்லை. ஞாயிறு தவறாமல் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்கிறாள். இதுவரை அறுபத்தொரு அட்டைகளில் நிற்பவர்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. போன வாரம் மூஸு என்ற ஊரில், காயல் படித்துறையில் நண்டு விற்கும் மூன்று பெண்கள் இருக்கும் அட்டையோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம். பதினோராவது வீட்டில் ஒரு பெரியவர் நடுவில் நிற்பவளைத் தொட்டுக் காட்டினார்.

“இது என் பெண்டாட்டி. அப்ப எனக்கு அவளைத் தெரியாது. இருங்க, உள்ளதான் இருக்கா, கூப்பிடறேன்.”

அஃபிபா அட்டையைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.