பழனிக்குப் போகாத முடி

இன்றைக்கு எடப்பாடிப் பக்கம் என் தறிப்பட்டறை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. போன மாதம் தறி ஓட்ட வந்த வடக்கத்திப் பையன்களுக்கு எங்கள் ஊரில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. நாங்கள் சிலர் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பேசினோம். ஒருவர், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்றார். அவருக்குச் சொன்ன கதை இது.

அப்போதுதான் நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன். அப்பா கூலிக்குத் தறி நெய்தார். அதே தறிக்கூடத்தில் காலனியிலிருந்து ஒருவர் நூல் சுற்ற வருவார். எனக்கு அவர் அண்ணன். அவருக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. எங்கள் ஊர் சலூனில் காலனிக்காரர்களுக்கு முடி வெட்டக் கூடாது. ஊரில் பாதி நிலம் வைத்திருந்த பண்ணாடி அப்படிச் சொல்லியிருந்தார். அவர்கள் சவரத்துக்குக்கூட டவுனுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சலூன் நாற்காலியில் இருந்தார், நான் பெஞ்சில். அண்ணன் வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

"கல்யாணத்துக்கு ஒருக்கா இங்கயே வெட்டிக்கலாம்னு வந்தேனுங்க."

முடிவெட்டுகிறவர் திரும்பிப் பார்க்கவில்லை. "வேண்டாஞ் சாமி, போயிரு. என்னைய மாட்டி உட்றாதே."

அப்பாவுக்கு ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. அவர் எழுந்தார், கழுத்துத் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார், நுரையோடு கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்தார். வீதியே சிரித்தது. பின்னால் ஓடிய எனக்கு மானமே போயிற்று.

அதோடு அப்பா முகத்தில் கத்தி படவிடவில்லை. மற்ற தறிக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். டவுனுக்குப் போயும் வெட்டிக்கொள்ளவில்லை. கூடம் முழுக்கத் தாடி. "மொத்தமா காசிக்குக் கெளம்பீட்டீங்களா?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். என் முடியும் காதை மூடி வளர்ந்தது. பண்ணாடி வீட்டம்மா வழியில் மறித்துக் கேட்டபோது, அம்மா பயத்தில், "பழனிக்கு வேண்டுதலுங்க" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற நான் அதை அப்படியே நம்பினேன். "பூ வெச்சுக்கலையா, புள்ளெ?" என்று சீண்டிய பையன்களிடம், மலைக்குப் போய் மொட்டை போட்டு வந்து ஒருத்தனுக்கும் பஞ்சாமிர்தம் தரமாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

கல்யாணம் நெருங்கியது. சலூன் பெஞ்சு காலியாகவே கிடந்தது. ஒரு சாயங்காலம் முடிவெட்டுகிறவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே, இது நாயமுங்களா?"

"அவன் மொதல்ல உக்காரட்டும்," என்றார் அப்பா. "அவனுக்குப் பொறவு நாங்க அத்தனை பேரும் வர்றோம்."

"நீங்க வருவீங்க. ஆனா என்ர ஊடு பண்ணாடி நெலத்துல இருக்குதுங்களே. நாளைக்கே காலி பண்ணுன்னா பொண்டாட்டி புள்ளைங்கள எங்க கூட்டீட்டுப் போவேன்?"

அப்பா தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். உள்ளேயிருந்து அம்மாதான் சொன்னாள்: "எங்க ஊட்டுக்குப் பொறவால எடம் சும்மாதானுங்க கெடக்குது."

முடிவெட்டுகிறவர் கொல்லைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அவர் சலூன் கதவை அகலத் திறந்துவைத்து, அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தார். வெளியே தறிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பண்ணாடியின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "செரி, நடத்து" என்று சொல்லிப் போனார். அவ்வளவு நல்ல மனிதரா என்று எனக்கு ஆச்சரியம்.

அண்ணன் எழுந்ததும் அடுத்து யார் என்று பார்த்தார்கள். அப்பா என்னைத் தூக்கி, அதே நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பழனிக்குப் போகோணும்! இங்க வேண்டாம்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பழனி எங்கீம் போயிராது சாமி," என்றார் முடிவெட்டுகிறவர். "தலையை ஆட்டாதே."

நான் ஆட்டவில்லை. அழும்போதுகூடத் தலையை அசைக்காமல் அழத் தெரிந்தவன் நான். அவர்தான் கத்தரியை நிறுத்தி நிறுத்தி, கார் போன பக்கமே பார்த்தார். காரில் போக ஆசை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானமே பண்ணாடியின் ஆள் போய் முடிவெட்டுகிறவர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறிக்காரர்கள் மூங்கில் நட்டு, ஓலை வேய்ந்தார்கள். மணமகனாக மஞ்சள் பூசிக்கொள்ள வேண்டிய அண்ணன் கூரைமேல் ஏறிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிவெட்டுகிறவரின் பிள்ளைகள் எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பழனி மறந்தே போயிற்று. விளையாட்டுக்கு நடுவில் ஒரு தடவை ஓலைக்குள் எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய அம்மா மூன்று கல்லைக் கூட்டி வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புகை என்று நினைத்து, திரும்ப விளையாட ஓடினேன். அடுப்பை அவர் இன்னும் பற்றவைக்கவே இல்லை.