வேலுச்சாமி சார் பிடித்ததாகச் சொன்ன மீன்

வேலுச்சாமி சார் காலமாகிவிட்டார் என்ற செய்தி, நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. வாய் தன் பழக்கத்தில் இன்னாலில்லாஹி சொன்னது. மனசு சொல்லவில்லை. போகும்போதும் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மகன் செந்தில் போன் செய்தான். "டீச்சர், காரியத்தன்னைக்கு அப்பாவப் பத்தி ஒரு சின்ன மலர் போடறமுங்க. அந்த ட்ரவுட் மீன் சமாச்சாரத்த நீங்க எழுதிக் குடுத்தா நல்லாருக்குமுங்க" என்றான். எழுதுகிறேன் தம்பி என்றேன். அவருடன் வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மீன் கதை தெரியும். உங்களுக்குத் தெரிந்த கதை பொய்.

அவர் குன்னூரில் எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தபோது நான் அங்கே கணக்கு டீச்சர். முதல் வருடமே என் வகுப்பில் ஒருத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். ஆண்டு விழா மேடையில் அவர் அதைத் தன் மேற்பார்வையின் பலன் என்று சொல்லி, பொன்னாடையையும் தானே போர்த்திக்கொண்டார். அறைக்குப் போய்க் கேட்டேன். "ஏனுங்க டீச்சர், ஸ்கூல்ல நடக்கற நல்லதெல்லாம் ஹெட்மாஸ்டர் கணக்கு. கெட்டது அவங்கவங்க கணக்கு. இது தெரியாம நீங்க என்ன கணக்கு டீச்சர்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேப்பங்காயைப் பழகிப் பார்த்தவர்கள் யார்?

ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் எல்லோரும் ஜீப் எடுத்துக்கொண்டு அவலாஞ்சிக்கும் அப்பால் ஓர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம். என் அத்தா மின்வாரிய வேலையில் இருந்தார். அணைக்கட்டு குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அணைக்கரைதான், கையில் தூண்டில்தான். இதை நான் ஜீப்பில் சொன்னேன். சார் காதில் வாங்காமல், "டீச்சர், நீங்க ஸ்டவ்வ பாத்துக்குங்க" என்றார். மீன் பிடிக்க வாங்கிய லைசென்ஸ் ஒன்றே ஒன்று, அவர் பெயரில். தூண்டிலும் ஒன்றே ஒன்று, அவர் கையில்.

அந்த ஏரியை நீங்கள் படத்தில் பார்த்து அழகு என்பீர்கள். நேரில் அது மனிதரை வேண்டாத இடம். ஒருபுறம் சோலைக்காடு, மறுபுறம் மொட்டைப் புல்மேடு, நடுவில் ஈட்டியாகக் குத்தும் காற்று. காலில் அட்டை ஏறும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சார் மேட்டின் உச்சியில் நின்றார். ட்ரவுட்டுக்குக் கண் கூர்மை. கரையில் ஆள் அசைந்தால் ஆழத்துக்குப் போய்விடும். அவரோ அசைந்ததோடு நிற்காமல் பேசிக்கொண்டும் இருந்தார். தண்ணீரைத் தூண்டிலால் அடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏரியில் இருந்த மீனுக்கெல்லாம் அவர் யாரென்று தெரிந்துபோயிருக்கும்.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிச் சாரலும் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஜீப்புக்கு ஓடிவிட்டார்கள். சாருக்கு விரல் விறைத்துவிட்டது. டீ கொடுக்கப் போன என்னிடம் தூண்டிலைத் திணித்து, "சித்த புடிங்க டீச்சர், குடிச்சுக்கறேன்" என்று ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

நான் இடது கைக்காரி. தூண்டிலில் நூல் சுற்றும் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டினேன். ஓடை வந்து ஏரியில் விழும் இடத்துக்குக் குனிந்தபடியே நடந்தேன். மீன் அங்கேதான் இரைக்குக் காத்திருக்கும். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. அடுத்த வீச்சில் இரைக்குப் பதிலாக மாட்டியிருந்த பளபளப்பான தகட்டைத் தண்ணீருக்குள் மெதுவாக இழுத்துவரும்போது தூண்டில் வெடுக்கென்று கையை இழுத்தது. அது என்ன இழுப்பு! நூல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. நான் விட்டுப் பிடித்தேன், மறுபடி விட்டேன். முக்காடு நழுவி முகமெல்லாம் மழை. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் சார் டீ கிளாஸோடு வாயைப் பிளந்து நிற்கிறார். பிறகு கிளாஸை வீசிவிட்டு ஷூ காலோடு தண்ணீரில் இறங்கி, துண்டால் மீனை அள்ளிக் கரையில் போட்டார். முழங்கை நீளம், விலாவில் ரோஜாநிறக் கோடு. "அடேங்கப்பா, டீச்சர்! என்ற ஆயுசுல இப்படி ஒரு கைய நான் பாத்ததில்லீங்க" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். பனிமூட்டத்தில் அதை வேறு யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் செக்போஸ்ட்டில் காவலர் ஜீப்பை நிறுத்தினார். "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் புடிக்கணும். இது யார் புடிச்சதுங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் சார். அது சரிதான். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன். டிராயிங் மாஸ்டர் கேமராவை எடுத்தார். சார் ஒரு கையில் மீனும் ஒரு கையில் தூண்டிலுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

ஜீப் கிளம்பியதும் உண்மையைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார். மீன் எப்படி இழுத்தது, எப்படி விட்டுப் பிடித்தார், எல்லாம் சொன்னார். நான் வாய் திறந்ததும், "லைசென்ஸ் விவகாரமுங்க டீச்சர். வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் வம்பு" என்று என் காதோரம் சொன்னார். குன்னூர் வருவதற்குள் மீன் ஒரு சாண் வளர்ந்திருந்தது.

அந்தப் படம் தலைமையாசிரியர் அறையில் பெரிதாக மாட்டப்பட்டது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "சார், நீங்கள் வலது கைக்காரர். வலது கைக்காரர் வலது கையில் தூண்டிலைப் பிடித்து இடது கையால் நூல் சுற்றுவார், கைப்பிடி இடப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் ஏன் வலப்பக்கம் இருக்கிறது?" அவர் கண் கூடச் சிமிட்டவில்லை. "ஸ்டுடியோக்காரன் படத்தத் திருப்பிப் போட்டுட்டானுங்க" என்றார். அப்படியானால் உங்கள் சட்டைப்பையும் பக்கம் மாறியிருக்க வேண்டுமே என்றேன். "கணக்கு டீச்சர் ட்ரவுட்டையும் கணக்கு போடறாங்க பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இதைப் படிக்கும் சிலரும் உண்டு. உங்களையும் நான் மறக்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நலம் விசாரிக்க அல்ல. செந்தில் பக்கத்தில் இருந்தான். "சார், அந்த மீனைப் பிடித்தது யாரென்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்" என்று நேராகவே கேட்டேன். அவர் தலையை மெதுவாக எங்கள் பக்கம் திருப்பினார். உதடு அசைந்தது. நான் குனிந்தேன். "செந்திலு, டீச்சர் அன்னைக்கு டீ நல்லா போட்டாங்க" என்றார். செந்தில் என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினான். சார் கண்ணில் அதே பழைய சிரிப்பு. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கினேன். அவ்வளவு கோபம்.

இப்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவருடைய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நிற்கிறது. அதில் அந்தப் படம்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். செந்தில், நீ கேட்டதால் எழுதிவிட்டேன். அப்பாவைப் பற்றி நல்லதாக எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம். ஒரு வரியையும் வெட்டிவிட்டுப் போடாதே.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபத்தை மட்டும்தான். நேற்று அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்று மனதாரத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அந்தச் சாரலில் நான் மீனோடு மல்லுக்கட்டியதைக் கண்ணால் கண்ட ஒரே மனிதர் அவர்தான். ஊருக்கெல்லாம் பொய் சொன்னாலும், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உண்மை தெரிந்திருந்தது. இனிமேல் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.