சுருங்கின மணி

தீவன வியாபாரி எங்கள் களத்தில் மக்காச்சோளக் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். குண்டு மணிகளுக்கு நடுவே கண்ணாடி போலச் சுருங்கின மணிகள் கிடந்தன.

“சொங்கிங்க. கோழி மோந்துகூடப் பாக்காது.” கொட்டிவிட்டுப் போய்விட்டார். நாமக்கல் பக்கத்தில் கோழி வேண்டாமென்றால் அதற்குமேல் பேச்சில்லை.

அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். விதை எடுத்து வைத்தது அம்மா. விளைந்தால் அப்பாவின் உழவு, கெட்டால் அம்மாவின் விதை. எங்கள் வீட்டு நியாயம் அப்படி.

“இனிமே உன்ற வெதையே வேண்டாம். கடையில வாங்கிக்கறேன்.”

எனக்கு எரிந்தது. சுருங்கின மணி ஒன்றை எடுத்து மென்றேன். இனித்தது. சொன்னேன்.

“பசிச்சாப் போய்ச் சோத்தத் தின்னு” என்றார் அப்பா.

சுருங்கினதை மட்டும் பொறுக்கி ஒளித்து வைத்தேன். கோடையில், ஊரில் யார் காட்டிலும் சோளம் இல்லாத நேரத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். பாதி அழுகியது. மீதி நோஞ்சானாக வளர்ந்து கதிர் விட்டது. அம்மா இளங்கதிராக ஒடித்து வேகவைத்தார்.

அப்பா ஒரு கடி கடித்தார். “ஏம்புள்ள, சக்கர போட்டயா?”

“ஆமாங்க, டீக்கே சக்கரயக் காணோம், கருதுக்குப் போட்டனாக்கும்!” என்றார் அம்மா.

மூன்று கதிரைத் தின்றார். மன்னிப்பெல்லாம் கிடையாது. ஆனால் மிச்சக் கதிர்களை முற்றவிட்டு, அந்த விதையை அடுத்த விதைப்புப் பட்டத்தில் அவரே சோளக்காட்டு ஓரத்தில் ஊன்றினார். வந்ததெல்லாம் குண்டு மணி. வேகவைத்தால் வெறும் மாவு.

“காட்டுச் சோளம் நம்ம இனிப்பத் திருடிருச்சு” என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

“உடு சாமி, கோழிக்காச்சும் ஆகும்” என்று அப்பா சிரித்தார். அம்மா மட்டும் அதில் முற்றின கதிர் ஒன்றை உரித்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். “கெடக்கட்டும்.”

சர்க்கரையை மாவாக்குகிற மரபணு பழுதானால் மணி சுருங்கும், சர்க்கரை தங்கிவிடும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். பழுதுதான். அதனால்தான் இனித்தது. பக்கத்துக் காட்டில் நிற்கிற சாதாரணச் சோளத்தின் மகரந்தம் விழுந்தால் மணி குண்டாகும். பழுது உள்ளே பதுங்கிக்கொள்ளும். அந்தக் குண்டு மணியைத் தனியாக விதைத்தால், வருகிற கதிரில் நாலில் ஒரு மணி மறுபடி சுருங்கும். அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியாது. அவருக்கு விதையைத் தூக்கி எறியப் பிடிக்காது, அவ்வளவுதான்.

நான் அழுதுகொண்டிருந்தபோது தொலைந்த இனிப்பு முழுதும் என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.