குடுவையக்கா வீட்டுக் குழாய்

வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவதுதான் அவளுக்கு வேலை. இருபத்திரண்டு வருஷமாகிறது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் குடுவையக்கா.

அங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களைக் கலந்து ஒரு கரைசல் தயாரித்திருந்தாள். புறஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். ஈயம் கலந்த தண்ணீர் சேர்ந்தால் ஒளி மங்கிவிடும்.

"அக்கா, நாளைக்கு உங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் கொண்டுவாங்க. பாத்துடலாம்" என்றாள்.

மறுநாள் எழுந்ததும் குடுவையக்கா தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் முதல் தண்ணீரைப் பிடித்துப் போனாள். விளக்கைப் போட்டதும் இருவர் முகமும் சுண்டிவிட்டது. பாதி ஒளிகூட இல்லை. ஆய்வகத்தின் பெரிய சோதனைக் கருவியும் ஈயம் இருக்கிறது என்றே சொன்னது.

வம்பு அங்கேதான் தொடங்கியது. அவள் வீட்டுக்காரர் பிளம்பர். இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து ஆசையாகத் தேடியெடுத்து, சமையலறையில் அந்தப் பழைய பித்தளைக் குழாயை மாட்டியதே அவர்தான்.

"முப்பது வருஷமா தொழில் பண்றேன். உங்க நீலத் தண்ணி என் வேலையில குத்தம் சொல்லுதா?" என்று குதித்தார்.

"கோவப்படாதீங்க. நீங்களே புடிச்சுக் கொண்டாங்க" என்றாள் குடுவையக்கா.

ரோஷக்காரர். இஸ்திரி போட்ட சட்டையும் எட்டுக் குப்பிகளுமாக ஆய்வகத்துக்கே வந்து நின்றார். குளியலறைத் தண்ணீரெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தது. சமையலறையில் முதலில் பிடித்தது மட்டும் மங்கல். ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்தது ஒளிர்ந்தது.

"பழைய பித்தளையில ஈயம் கலந்திருக்கும். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ள நின்ன தண்ணியில அது இறங்கியிருக்கு" என்றாள் மாணவி.

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ லைன் சுத்தம். நான் மாட்டுனதுதான் கோளாறு."

சொல்லிக்காட்ட ஆயிரம் இருந்தது குடுவையக்காவுக்கு. அவர் முகத்தைப் பார்த்தாள். "வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றாள்.

அன்றைக்கே குழாய் கழன்றது. மகளோடு மூவருமாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அப்புறம்தான் சாப்பாடே இறங்கியது.

இப்போது அவரைப் பிடிக்க முடிவதில்லை. வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் குப்பியை நீட்டித் தண்ணீர் வாங்கி, ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார்.

"இன்னிக்கு எத்தனை குப்பி அண்ணே?" என்று மாணவி கேட்டால், "பதினாலுதாம்மா" என்கிறார், ஏதோ குறைந்துபோனது போல.