இட்லிக்கு ஒன்று, டீக்கு ஒன்று

தேவப்பிரியத்தின் பொறாமை லேசுப்பட்ட பொறாமை இல்லை. பக்கத்து வீட்டு முருங்கை காய்த்தாலும் அவளுக்கு வயிறு எரியும். சபையில் வேறொருத்தி முந்திக்கொண்டு பாட்டை எடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் குழம்பு உப்புக் கரிக்கும். சாத்தான்குளத்திலிருந்து ராயபுரத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஆனால் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பொறாமை பேரன் பேத்தி எடுத்த வயதில் வந்தது. அதுவும் ஒரு மாத்திரையால்.

அவள் கணவர் ராசையாவுக்குக் காசிமேட்டில் வலைக்கயிறும் மிதவையும் விற்கிற கடை. தங்கமான மனுஷர், மாத்திரை விஷயத்தில் மட்டும் மகா கள்ளன். பிரஷர் இருக்கிறது, தினம் காலையில் ஒரு மாத்திரை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். தேவப்பிரியம் தினமும் தண்ணீரும் கையுமாக நின்றாள். "கடையில போய்ப் போடுதேன் பிரியம்" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சட்டையைத் துவைத்தால் பைக்குள் மாத்திரை கரைந்து மாவாகக் கிடக்கும். திட்டினாள், அழுதாள், போதகரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணவைத்தாள். மனுஷர் ஆமென் சொன்னாரே ஒழிய மாத்திரை போடவில்லை. ஒருநாள் அட்டையை பீரோ மேல் விட்டெறிந்தாள். "உங்க உசுரு, உங்க பாடு. இனி நான் கேக்க மாட்டேன்!"

கேட்கவும் இல்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்த நர்ஸம்மா சிரித்தார். "பிரஷர் நல்லா கட்டுக்குள்ள இருக்கு. வீட்டம்மா மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்க போல." தேவப்பிரியத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் தான் கொடுக்கவே இல்லையே! வீட்டுக்கு வந்து பீரோ மேல் கையை விட்டுத் துழாவினாள். அட்டை பிரிக்காமல் தூசி படிந்து கிடந்தது. அப்படியானால் ஆஸ்பத்திரியில் அவர் வாங்குகிற மற்ற அட்டைகள் வேறெங்கோ போகின்றன. எடுத்துக் கொடுக்கிற மகராசி யார்?

மறுநாள் காலை முக்காடு போட்டுக்கொண்டு காசிமேட்டுக்குப் போய் ஐஸ் வண்டிக்குப் பின்னால் நின்றாள். ராசையா கடைக்குப் பக்கத்தில் ஜெரினாவின் டீக்கடை. ஜெரினா புருஷனை இழந்தவள், வாய் நீளம். ஒரு கையில் டீ, மறு கையில் மாத்திரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணே பாத்துகினு கீற? மாத்திரை உள்ள போனாத்தான் டீ வெளிய வரும்."

"வீட்லயே போட்டுட்டேன் ஜெரினா."

"யாராண்ட கதை வுடுற? அன்னிக்கும் இப்படித்தான் சொன்ன, பாக்கெட்ல இருந்து டீயில வுழுந்திச்சே. அதான் அட்டைய நானே வாங்கி வச்சிகினேன். போடு. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

ராசையா முழுங்கினார். ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். அந்தத் திறந்த வாயைப் பார்த்தவுடன் தேவப்பிரியத்துக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அட பாவி மனுஷா! பெற்ற மகள் பெனிஷா கல்யாணத்தில் போட்டோக்காரன் கெஞ்சியும் இந்த வாய் திறந்ததா? நான் கெஞ்சினால் சட்டைப்பைக்குள், அவள் அதட்டினால் வயிற்றுக்குள்ளா?

அவள் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் கூடத் தேவலை. கமுக்கமாக வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். முதல் மாத்திரை என் கையால் உள்ளே போய்விட்டால் அப்புறம் அவளிடம் எதற்கு வாங்கப்போகிறார்? மறுநாள் அட்டையின் தூசியைத் துடைத்து, இட்லித் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். "முழுங்கினாத்தான் இட்லி."

ராசையா மிரண்டுபோனார். கடையில் போடுகிறேன் என்றால் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பாள், சொன்னால் வீடு இரண்டாகும். முழுங்கினார். கடைக்குப் போனால் அங்கே டீயோடு ஜெரினா. வீட்டில் போட்டாயிற்று என்று இந்த முறை சத்தியமாகத்தான் சொன்னார், பழைய பொய்க்காரரை யார் நம்புவார்கள்? அதையும் முழுங்கினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சில நாளில் எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது என்றார். வெயில் என்றாள் தேவப்பிரியம்.

அந்த வாரமே கயிற்றுச் சுருளை எடுக்க ஸ்டூலில் ஏறியவர் தலைசுற்றி விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம். ஜெரினாதான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தேவப்பிரியம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியபோது கட்டிலில் நினைவு தப்பித் தப்பிக் கிடந்தார். டாக்டரம்மா கேட்டார்: "பிரஷர் ரொம்ப இறங்கிப் போயிருக்கு. மாத்திரை எத்தனை போட்டாரு?"

"ஒண்ணுதான்" என்றாள் ஜெரினா. "நானே குடுத்தேன் டாக்டர்."

இரண்டு என்று அங்கே எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தேவப்பிரியம்தான். அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் என்ன அர்த்தம்? என் புருஷனுக்கு இன்னொருத்தி மாத்திரை கொடுத்தாள், அது பொறுக்காமல் தெரிந்தே நானும் கொடுத்தேன் என்று இவள் முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டிலில் ராசையாவின் உதடு வெளுத்துப்போய் லேசாகத் திறந்திருந்தது.

"ரெண்டு டாக்டர்" என்று உடைந்து அழுதாள். "காலையில நானும் ஒண்ணு குடுத்தேன். அஞ்சாறு நாளா தினமும் ரெண்டு. இவ குடுக்கான்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

டாக்டரம்மா உடனே மருந்தேற்றி, மாலை வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். பிரஷர் மெல்ல ஏறியது. நெற்றியில் தையல். போகும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "ஒருநாள் விட்டுப்போனா அதுக்குச் சேர்த்து மறுநாள் ரெண்டு போடக்கூடாது. தலை சுத்தினா இங்க வாங்க, நீங்களா நிறுத்தக்கூடாது. நாளையிலிருந்து எத்தனைன்னு நான் சொல்றபடி, ஒரே ஒருத்தர் கையில இருந்து குடுங்க. யார் கையில?"

ஜெரினா தலையைக் குனிந்துகொண்டாள். "உன் கையிலயே இருக்கட்டும் அண்ணி. எங்க வூட்டுக்காரரும் நல்லாத்தான் கீறேன்னு மாத்திரைய வுட்டாரு. ரெண்டு தபா சொன்னேன், கேக்கல, போய்த் தொலைன்னு வுட்டுட்டேன். ஒரு நா கை கால் இழுத்துகினு போய்ச் சேந்துட்டாரு. அதான் அண்ணனை வுடாம பேஜார் பண்ணிகினு இருந்தேன்."

பீரோ மேல் விட்டெறிந்த அட்டை தேவப்பிரியத்தின் நினைவுக்கு வந்தது. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். வீட்டுக்குப் போனதும் அந்த அட்டையை எடுத்துவந்து ஜெரினா கையில் வைத்து அழுத்தினாள்.

"நீயே குடு. உங்கிட்டதான் பயப்படுதாரு."

இப்போது ராசையாவுக்கு வீட்டில் இட்லி மட்டும்தான். அவர் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் தேவப்பிரியமும் பஸ் பிடித்து வந்து, டீக்கடை பெஞ்சில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்துவிடுகிறாள். வயிறு இன்னும் எரியத்தான் செய்கிறது, அது எங்கே போகும்? இன்றைக்கும் ஜெரினா மாத்திரையைக் கொடுத்தாள். ராசையா முழுங்கி, வாயைத் திறந்து அவளிடம் காட்டினார். சரி என்று அவள் டீயை நீட்டப்போனாள்.

"கொஞ்சம் இருட்டி" என்று டம்ளரைத் தடுத்த தேவப்பிரியம் கணவர் பக்கம் திரும்பினாள். "எனக்கும் காட்டுங்க."